இடது பக்கத்துக்கு ஓர் ஆள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அண்ணி போன் செய்தாள்.

ஒரு வாடிக்கையாளர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கையுறையோடு எடுத்ததில் காதெல்லாம் சாயம். "எப்படிம்மா இருக்க? கால் வலி இப்ப தேவலையா?" என்கிறாள், நேற்றுத்தான் பேசிவிட்டு வைத்தவள் போல.

நாலு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அம்மா இறந்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "நீ விருந்தாளி மாதிரி வந்து அழுதுட்டுக் கிளம்பிடுவ, இங்கேயே கிடந்து அவங்களைப் பார்த்தவ நான்தானே" என்று என்னைப் பார்த்துச் சொன்னவள். அன்று இறங்கிய படியை நான் திரும்ப ஏறவில்லை. அண்ணன் மட்டும் எப்போதாவது கூப்பிட்டு, "என்னடி வாலு, உயிரோட இருக்கியா?" என்பான். அவ்வளவுதான்.

இவரிடம் சொன்னேன். "நாலு வருஷம் கழிச்சு ஒருத்தர் சௌக்கியமான்னு கேக்கறாங்கன்னா, நம்ம சௌக்கியத்துல அவங்களுக்கு ஏதோ வேலை இருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எதையும் திருகிப் பார்க்காமல் நம்ப மாட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

மறுபடியும் போன். "அங்க மழையா?" ஒரே ஊரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

மார்ச் 10, செவ்வாய்

கடைக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பை ஆரஞ்சு.

முதலில் அடையாளம் தெரியவில்லை. என் அண்ணி, விருந்தாளி வந்தால் தட்டை நீட்டிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறவள். இன்று கறுப்புக் கோட்டு, உதட்டில் சாயம், கோட்டில் ஒரு சின்னத் தங்க நிற ஊசி. முதுகை நிமிர்த்தி நடக்கிறாள். நன்றாகத்தான் இருந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் நாற்காலி கடைசி, கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கேயே நின்று கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?" என்றாள். பிறகு, "எல்லாரும் உன்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க, இல்ல?"

அந்த இரண்டாவது கேள்வியில் ஏதோ இருந்தது. விலை விசாரிக்கிறவர்கள் இப்படித்தான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார்கள்.

அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "அவருக்கென்ன, ஜம்முனு இருக்கார்."

ஆரஞ்சு இனிப்பாக இருந்தது. தோலை உரிக்கும்போதும் யோசனைதான்.

மார்ச் 11, புதன்

என்ன வேண்டும் இவளுக்கு? பணம் என்றால் முதல் போனிலேயே அண்ணனை விட்டுக் கேட்கச் சொல்லியிருப்பாள். உடம்புக்கு ஏதாவதா? அப்படி இருப்பவள் கோட்டுப் போட்டுக்கொண்டு அலைய மாட்டாள். அம்மா வீட்டுப் பங்கு? அதுதான் அவர்கள் பேரில் எழுதியாயிற்றே.

ஒருவேளை— ஒருவேளை சும்மாவே இருக்கலாம் இல்லையா? மனசு கேட்காமல் வந்திருக்கலாம் இல்லையா?

அப்படி நினைக்கும்போது எவ்வளவு ஆசையாக இருக்கிறது! அதனாலேயே நம்பக் கூடாது.

மார்ச் 13, வெள்ளி

வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை ஒரு சின்ன நிகழ்ச்சி. சும்மா வந்து உக்காந்துட்டுப் போ."

"என்ன நிகழ்ச்சி அண்ணி?"

"வந்தா தெரியும். போன்ல சொன்னா அதோட அருமை தெரியாது."

இவர் காதில் விழுந்துவிட்டது. குளியலறையிலிருந்தே, "சங்கிலி!" என்று கத்தினார். அவருடன் வேலை பார்த்த ஒருவர் இதில் மாட்டியிருக்கிறார். நாம் சேர்ந்து ஒரு பெட்டி சாமான் வாங்க வேண்டும். பிறகு நமக்குக் கீழே இடது பக்கம் ஒரு ஆள், வலது பக்கம் ஒரு ஆள். அவர்களுக்குக் கீழே இரண்டிரண்டு பேர். கீழே இருப்பவர்கள் வாங்க வாங்க, மேலே இருப்பவருக்குக் காசு. "அடியில இருக்கறவனுக்கு?" என்று கேட்டேன். "அவன் ஆள் தேடிட்டு அலைவான்" என்றார்.

ஆக, என் கால் வலியை விசாரித்தது இதற்குத்தான். நான் அழவில்லை. ஆனால் மீதி ஆரஞ்சைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

போனேன். ஏன் போனேன்? நேரில் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே மறுப்பதற்கு என்று இவரிடம் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

ஒரு ஓட்டலின் இரண்டாவது மாடி ஹால். உள்ளே ஐஸ் வைத்தது போல் குளிர், யாருக்கும் தூக்கம் வந்துவிடக் கூடாதாம். மேடையில் யாரும் ஏறுவதற்கு முன்பே கைதட்டுகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க வாழ்க்கையில இன்னைக்கு முக்கியமான நாள்" என்றாள். என் பேரைக்கூடக் கேட்கவில்லை.

அண்ணிக்கு மேலே இருக்கிற அம்மாள்தான் பேசினாள். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறாள், அதனால் முத்துப்பல் என்று வைத்துக்கொள்கிறேன். கூந்தலில் பாதி ஒட்டுமுடி, தொழில் கண்ணுக்குத் தப்புமா? ஆனால் பேச்சில் ஒட்டு இல்லை. "காலையில எழுந்து யாரோ ஒருத்தருக்காக நிக்கறீங்களே, உங்களுக்காக எப்ப நிப்பீங்க?" என்று கேட்டாள். என் முழங்காலுக்குக் கீழே நரம்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறதே, அந்த இடத்திலேயே வந்து தட்டியது அந்தக் கேள்வி. எத்தனை பேர் கால் வலியை விசாரித்துவிட்டு வந்து இந்த வரியை எழுதினார்களோ.

அந்த டப்பாப் பொடி, பச்சை நிறம், தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். சர்க்கரை, மூட்டு, தூக்கம், முடி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமாம். முடிக்கும் நல்லது என்றார்கள், தலையில் ஒட்டுமுடியோடு.

அப்புறம் அண்ணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

முதலில் மைக்கை வாயிலிருந்து தள்ளியே பிடித்திருந்தாள். பேச ஆரம்பித்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டது. "என் வீட்டுக்காரர் கிரேன் ஓட்டறவர். பிரஷர்னு சொல்லி மேல ஏற விடல. மூணு வேளையும் மாத்திரை. இன்னைக்கு ஒரு மாத்திரைகூடக் கிடையாது. இந்த டப்பா மட்டும்தான். ஆள் எப்படி இருக்கார் தெரியுமா?" ஹாலே எழுந்து நின்று தட்டியது.

நல்ல புளுகு. இவளுக்கு இப்படிப் பேச வரும் என்று யார் நினைத்தார்கள்? பொய்யாக இருந்தாலும், மேடையில் நின்ற அண்ணியைப் பார்த்து நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

கடை விடுமுறை. காலைத் தலையணைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு யோசித்தேன்.

சேர்ந்தால் என்ன நல்லது? உட்கார்ந்து பார்க்கிற வேலை. டாக்டர் நிற்பதைக் குறைக்கச் சொல்கிறார். முதலாளியம்மா, "உக்காந்து வெட்டினா வர்றவங்களுக்கு நம்பிக்கை வராது" என்கிறாள். இன்னும் எத்தனை வருடம் இந்தக் காலை வைத்து ஓட்ட முடியும்? புதிதாக வந்த இரண்டு பெண்களும் என் வயதில் பாதி. அண்ணியே இவ்வளவு பேசுகிறாள் என்றால் எனக்கு வராதா? வாய்தானே என் மூலதனம்.

அப்புறம் அண்ணி. வாரம் ஒரு கூட்டம் என்றால் வாரம் ஒருமுறை பார்ப்போம். அண்ணன் வீட்டுக்குப் போக வர இருக்கலாம். காசு கொடுத்து உறவை வாங்குவதா என்றால்... வேறு எப்படியும் கிடைக்கவில்லையே.

கெடுதல்? முதல் பெட்டிக்கே பாதி மாதச் சம்பளம் போய்விடும். அது போனால் போகட்டும். அதைவிட, யாரைப் பார்த்தாலும் இவள் சேருவாளா மாட்டாளா என்று பார்க்க வேண்டி வரும். பிள்ளை பிறந்தது என்று ஒருத்தி சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் கம்பெனியின் குழந்தைப் பவுடர் ஞாபகம் வரும். நான் அண்ணியைச் சந்தேகப்படுகிறது போல் என்னை ஊரே சந்தேகப்படும்.

முத்துப்பல் நேற்று கிளம்பும்போது என்னிடம் சொன்னது: "உங்களை மாதிரி ஆளுக்கு ஒரு வருஷம்கூட ஆகாது." என்னை மாதிரி என்றால் எந்த மாதிரி? என்னை அவளுக்கு ஒரு மணி நேரமாகத்தான் தெரியும்.

தராசு ஒரு பக்கமும் சாய மாட்டேன் என்கிறது. எல்லாத்தையும் தள்ளு. அண்ணி என்னை ஒரு ஆளாகப் பார்க்கிறாளா, இடது பக்கத்து ஆளாகப் பார்க்கிறாளா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை கணக்கும்.

மார்ச் 20, வெள்ளி

சேராமலே ஒரு தரம் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. எனக்கு விற்க வருகிறதா பார்க்கலாம்.

நீச்சல் அம்மா வந்திருந்தாள். நீச்சல்குளத்து மருந்துத் தண்ணீரில் அவள் முடி நார் மாதிரி ஆகிவிடும், மாதம் இரண்டு முறை எண்ணெய் வைத்து ஆவி பிடிக்க என்னிடம்தான் வருவாள். ஏழெட்டு வருடப் பழக்கம். மகன் அவளோடு பேசுவதை நிறுத்தியபோதும், புருஷன் வேறு வீடு பார்த்தபோதும் இந்த நாற்காலியில்தான் அழுதாள்.

"அம்மா, முடி உதிர்றதுக்கு உள்ளுக்குச் சாப்பிடற மாதிரி ஒண்ணு வந்திருக்கு. எங்க அண்ணிதான்..."

அவ்வளவுதான் சொன்னேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் எரிந்த விளக்கு அணைந்துவிட்டது. "ஓ, அப்படியா" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் வெயிலைப் பற்றி.

மார்ச் 24, செவ்வாய்

முத்துப்பல் போன். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி மாலைக்குள் சேர்ந்தால் ஏதோ சலுகை. யாருக்குச் சலுகை என்று கேட்டேன். சிரித்தாள். பிறகு, "உங்க அண்ணிக்கு இடது பக்கம் ஒரு ஆள்தான் குறையுது. அவங்க உங்களுக்காக எவ்வளவு பாடுபடறாங்க தெரியுமா?" என்றாள்.

எனக்காகவா? அவசரப்படுத்துகிற எதிலும் ஓட்டை இருக்கும் என்பது இவர் கட்சி. இன்று நானும் அந்தக் கட்சி.

மார்ச் 27, வெள்ளி

நீச்சல் அம்மா வந்தாள். முதல் நாற்காலியில், புதுப் பெண்ணிடம் உட்கார்ந்தாள். "நீங்க பிஸியா இருந்தீங்க" என்றாள். நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 28, சனி

முடிவு செய்துவிட்டேன். வேண்டாம். திங்கட்கிழமை அண்ணி வீட்டுக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் அவள் குரலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நேரில் என்றால் முகம் தெரியும். அந்த முகம் மாறினால் அதோடு விட்டது. இன்னொரு நாலு வருடம் என்ன, நாற்பது வருடம் ஆனாலும் சரி.

மார்ச் 30, திங்கள்

முதலிலிருந்து ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

அண்ணன்தான் கதவைத் திறந்தான். "வாலு!" என்றான். முகம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை மாதிரி. வீட்டுக்குள்ளே செருப்பு, அதுவும் பின்பட்டையை மிதித்துக்கொண்டு, வீங்கிய குதிகால் உள்ளே போகவில்லை. அண்ணி சமையலறையில் இருந்தாள். கூடத்தில் சுவரோரம் பச்சை டப்பாக்கள் அடுக்கி, மேலே துணி போட்டு மூடி, அதன்மேல் டிவி வைத்திருக்கிறார்கள்.

தலையெல்லாம் காடாக வளர்த்திருந்தான். "உக்காரு, வெட்டி விடறேன்" என்றேன். கத்தரி எப்போதும் பையில் இருக்கும். அவன் தலையைப் பிடித்துச் சாய்க்கும்போது, "மெதுவா, பின்மண்டை ரெண்டு வாரமா விண் விண்ணுங்குது" என்றான். பிறகு கண்ணாடியைக் கேட்டு வாங்கி, பார்க்காமலே கீழே வைத்தான். "கண்ணு கொஞ்சம் கலங்கலா இருக்கு. வெயிலு."

"மாத்திரை ஒழுங்கா போடறியா?"

"அதெல்லாம் நிறுத்தி மூணு மாசம் ஆச்சே. உங்க அண்ணி மேடையிலேயே சொன்னாளாமே, நீ கேக்கலையா?"

கேட்டேன். கேட்டு, பொய் என்று நினைத்துக் கைதட்டினேன்! இத்தனை நாள் ஒவ்வொரு சொல்லையும் மோந்து பார்த்தவள். ஆரஞ்சைச் சந்தேகப்பட்டேன், மழையைச் சந்தேகப்பட்டேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் உண்மை, அதைத்தான் புளுகு என்று தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் துறைமுகத்தில் மெடிக்கல் டெஸ்டாம். மாத்திரை சாப்பிடுகிறவனைக் கிரேன்மேல் ஏற்ற மாட்டார்களாம். "பொடியில சரியாப் போச்சுன்னா மறுபடி மேல ஏறிடுவேன். கீழ உக்காந்து டோக்கன் கிழிக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறான். இந்தக் கண்ணோடு, இந்தத் தலையோடு, அவ்வளவு உயரத்தில்!

சமையலறைக்குப் போனேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். இன்றைக்கே டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"டாக்டர் பார்த்தா மாத்திரை எழுதுவார். எழுதினா பதிவாகிடும். கிரேன் போச்சு. அப்புறம் இவர் அந்தச் சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருப்பார், முன்ன உக்காந்திருந்த மாதிரி. நீ பார்த்தியா அதை? நான் பார்த்தேன்."

"மூஞ்சி வீங்கியிருக்கு அண்ணி. உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"கழிவு வெளிய வர்றப்ப அப்படித்தான் இருக்குமாம். அவங்க சொன்னாங்க." முத்துப்பல் சொல்லியிருக்கிறாள். நிஜமாகவே நம்புகிறாள். இவள் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நான் குரலை உயர்த்திவிட்டேன். அவளும் உயர்த்தினாள். "நாலு வருஷமா எட்டிப் பார்க்காதவளுக்கு இப்ப என்ன திடீர்னு பாசம்? சேர இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ. என் வியாபாரத்தைக் கெடுக்க வந்தியா? உனக்கு என்னதான் வேணும்?"

உனக்கு என்ன வேணும். இத்தனை நாளாக அவளைப் பற்றி இந்தக் குறிப்பில் நான் எழுதிக்கொண்டிருந்த கேள்வி.

கூடத்தில் அண்ணன் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்து, காது கேட்காதவன் போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. "நான் சேர்றேன்."

அண்ணி திரும்பினாள்.

"உங்க இடது பக்கம். நாளைக்கு முப்பத்தொண்ணுதானே? சேர்றேன். ஆனா நாளைக்குக் காலையில முதல் வேலையா அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். ரெண்டும் சேர்ந்துதான். ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணும் இல்ல."

அவள் முகம் மாறியது. மாறினால் விட்டுவிடுவேன் என்று சனிக்கிழமை எழுதினேனே, அந்த மாற்றம். கண்ணில் ஒரு வெளிச்சம், உடனே அதற்கு ஒரு கூச்சம். "நிஜமாவா?" என்றாள்.

"நிஜமாத்தான்."

"...சரி."

திரும்பிப் போய் மீதித் தலையை வெட்டினேன்.

மார்ச் 31, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருமுறை கையில் பட்டை சுற்றிப் பார்த்தாள். இன்னொரு கருவி கொண்டு வந்து மறுபடியும் பார்த்தாள். பிறகு ஓடாமல், ஆனால் வேகமாக நடந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "எப்படி வந்தீங்க, நடந்தா?" அதற்குப் பிறகு அண்ணனை நடக்க விடவில்லை.

சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது. கண்ணுக்குப் பின்னாலும் ஏதோ கசிவு. அண்ணியின் பையில் அந்த டப்பா இருந்தது. நான் எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். அண்ணி தடுக்கவில்லை.

மாலை, வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, முத்துப்பல். ஆறு மணிக்குள் பதிவு செய்யணும். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நானே என் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். சொன்ன சொல் சொன்ன சொல்தான். அவள் அழுதுகொண்டே ஒவ்வொரு எழுத்தாகப் போனில் தட்டினாள். நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "உன் பிறந்த தேதி என்னம்மா?" என்றாள்.

நன்மை தீமை என்று எவ்வளவு எழுதினேன். இந்தக் காரணம் இரண்டு பக்கத்திலும் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

முத்துப்பல் எனக்கே போன் செய்தாள். முதலில் வாழ்த்து. அப்புறம் அண்ணனைப் பற்றி வருத்தம். அப்புறம் விஷயம்:

"மாத்திரையை நிறுத்தச் சொல்லி நாங்க எங்கயும் சொல்லலையே. டப்பாவுக்குப் பின்னாடி சின்ன எழுத்துல போட்டிருக்கு, பாருங்க."

"மேடையில அண்ணி சொன்னப்ப நீங்கதானே முதல்ல எழுந்து தட்டினீங்க?"

"அது அவங்க அனுபவம். நான் அவங்களை உற்சாகப்படுத்தினேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டர்கிட்ட கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், என்ன?"

டாக்டர் கையில் டப்பாவையே கொடுத்தாயிற்று என்றேன். போன் கட் ஆகிவிட்டது. முதல் முறையாக அவள் சிரிக்காமல் வைத்தாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். வீக்கம் வடிந்துவிட்டது. சிறுநீரகம் பழையபடி ஆகுமா என்று டாக்டரைக் கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார். கிரேன் இனிமேல் இல்லை. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

என் முதல் பெட்டி வந்தது. இவர் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். காசு வருமா? வராது.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் அண்ணன் போன் செய்து, "அவ கோட்டைப் போட்டுட்டுக் கிளம்பிட்டாடி. கூட்டத்துக்குத்தான். எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றான்.

மறுபடியுமா? இவ்வளவுக்கும் பிறகுமா? நான் எந்த முகத்தை நம்பி அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்?

அடித்துப் பிடித்துப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அதே குளிர், அதே கைதட்டல். இடது பக்கத்தை நிரப்பியதற்காக அண்ணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முத்துப்பல் புது ஊசி ஒன்றைக் கோட்டில் குத்திவிட்டு மைக்கை நீட்டினாள். அண்ணி மைக்கை வாங்கிக்கொண்டாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லு, சொல்லு, இன்னொரு பொய் சொல்லு, நான் எழுந்து போய்விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போன தடவை இங்க நின்னு, என் வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திட்டார்னு சொன்னேன். உண்மைதான். நான்தான் நிறுத்த வெச்சேன். இப்ப அவர் ஆஸ்பத்திரியில இருந்து வந்திருக்கார். உங்க வீட்டுல யாராவது நிறுத்தியிருந்தா—"

பாட்டைப் போட்டுவிட்டார்கள். முத்துப்பல் சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்து இழுத்தாள். அண்ணி விடவில்லை, மைக் இல்லாமலும் கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. முன்வரிசைக்குக் கேட்டிருக்கும்.

நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். படியில் இறங்கும்போது கோட்டைக் கழற்றிவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, ஹாலிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "அக்கா, எங்க அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டாங்க. நான்தான் டப்பா கொடுத்தேன். என்ன பண்றது?"

அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு பேருந்தை விட்டோம்.

ஏப்ரல் 25, சனி

அந்தப் பெண்ணின் அம்மா நன்றாக இருக்கிறாளாம். அண்ணி சொன்னாள். அந்தப் பெண்ணின் பேரை நாங்கள் இன்னும் கேட்கவில்லை.

மே 10, ஞாயிறு

கடையில் நல்ல கூட்டம். மத்தியானம் அண்ணி வந்து, வரிசையில் காத்திருந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை வேலை கிடைத்திருக்கிறது, நாளையிலிருந்து. தலையில் தொப்பி போட வேண்டுமாம், முடி அதற்குள் அடங்க வேண்டுமாம். "குட்டையா வெட்டிடு. போனா போகுது" என்றாள்.

பின்னலை அவிழ்த்தேன். நல்ல முடி, இடுப்புவரை. ஈரமாக்கி, பிரித்து, வெட்ட ஆரம்பித்தேன். எனக்கு இந்த அமைதி பழக்கம். இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் ஏதாவது சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் இருப்பார்கள்.

"உன்னை முதல்ல கூப்பிட்டது அதுக்காகத்தான்" என்றாள். "தெரிஞ்சவங்க யாரு யாருன்னு யோசிக்கச் சொன்னாங்க. உன் ஞாபகம் வந்துச்சு. கூப்பிட ஒரு சாக்கு கிடைச்சுதேன்னும் இருந்துச்சு. ரெண்டும்தான்."

"ம்."

"இன்னொண்ணு. அன்னைக்குச் சமையலறையில நீ சேர்றேன்னு சொன்னப்ப, நான் சந்தோஷப்பட்டேன். உங்க அண்ணனை நினைச்சு இல்ல. இடது பக்கம் நிரம்பிடுச்சேன்னு. அவர் அங்க அப்படி உக்காந்திருக்கார், எனக்கு அந்த நேரத்துல அதுதான் தோணுச்சு." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியக் கூடாதுன்னு இருந்தேன்."

நான் கத்தரியை நிறுத்தவில்லை.

"தெரியும் அண்ணி" என்றேன். "தலையைக் கொஞ்சம் குனிங்க, பின்கழுத்து இன்னும் பாக்கி இருக்கு."